அல்பாகாவும் ஆற்று நண்டும்: சீனத் தணிக்கையைக் கேலி செய்யும் மீம்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன இணையத்தில் ஓர் அல்பாகா (ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க விலங்கு) படம். சும்மா நின்று புல் மேய்கிறது. கீழே நூற்றுக்கணக்கானவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். மொழி தெரியாதவருக்கு ஒன்றும் புரியாது. மொழி தெரிந்தாலும் பின்கதை தெரியாவிட்டால் பாதிதான் புரியும். அந்தப் பின்கதைதான் இங்கே.

அல்பாகா படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

படத்தில் எதுவும் இல்லை, பெயரில்தான் எல்லாம். சீன இணையவாசிகள் அந்தப் பிராணிக்கு வைத்த பெயர் 'ட்ஸாவ் நீ மா'. எழுத்துகளை அப்படியே படித்தால் புல், சேறு, குதிரை. தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை, கொஞ்சம் மாற்றிச் சொன்னால் தாயை இழுத்துத் திட்டும் படுமோசமான வசை. அதற்கு நேரான சொல் நம் ஊரிலும் உண்டு, இங்கே எழுத வேண்டியதில்லை.

2009 ஜனவரி 5 அன்று, இணையத்தில் கீழ்த்தரமான விஷயங்களை ஒழிக்கப்போவதாகச் சீன அரசு ஒரு நடவடிக்கையைத் தொடங்கியது. கூகுள், சீனத் தேடுபொறியான பைடு போன்ற தளங்களைப் பெயர் சொல்லியே எச்சரித்தார்கள். ஆபாசத்தை அள்ளுகிறேன் என்று இறங்கிய வலையில் அரசியல் பேசிய வலைப்பதிவுகளும் சேர்ந்து மாட்டின. அதே மாதம், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பைடு கலைக்களஞ்சியத்தில் 'பத்து தெய்வ விலங்குகள்' என்று சில கட்டுரைகள் முளைத்தன. விலங்கியல் புத்தகம் போலவே வாழிடம், உணவு, குணம் என்று படு சீரியஸாக எழுதியிருந்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் பிரெஞ்சு-குரோஷியக் கணவாய். சீனத்தில் 'ஃபா கெ யூ'. அது எந்த ஆங்கில வசை என்று நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தில் நிலைத்து நின்றது புல்-சேற்றுக் குதிரைதான். அது ஒரு பாலைவனத்தில் வாழ்கிறதாம் (பாலைவனத்தின் பெயரும் ஒரு வசைதான்). புத்திசாலியாம், எந்தக் கஷ்டத்தையும் தாங்குமாம். ஒருநாள் அதன் புல்வெளியை ஆற்று நண்டுகள் ஆக்கிரமிக்க வந்தன, குதிரைகள் போரிட்டு விரட்டிவிட்டன. இந்தக் கதையைக் குழந்தைகள் குரலில் பாட்டாகப் பாடி, அல்பாகாக்கள் துள்ளி ஓடும் காட்சிகளைச் சேர்த்து ஒரு வீடியோ வந்தது. 2009 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி எழுதியபோது அந்தப் பாட்டை 14 லட்சம் முறை பார்த்திருந்தார்கள். மழலைக் குரலில் அவ்வளவு கெட்ட வார்த்தை, எழுத்தில் பார்த்தால் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை! அப்புறம் அல்பாகா பொம்மைகள் விற்பனைக்கு வந்தன. புல், சேறு, குதிரை மூன்றையும் ஒட்டிப் புதிதாக ஒரு சீன எழுத்தையே உருவாக்கிவிட்டார்கள்.

சரி, நண்டு எதற்கு?

முழு நகைச்சுவையும் நண்டில்தான் இருக்கிறது. ஹு ஜிந்தாவ் அதிபராக இருந்தபோது ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் முக்கிய முழக்கம் 'நல்லிணக்கச் சமூகம்'. 2004இல் முன்வைத்தார்கள். நல்லிணக்கம் என்பதற்குச் சீனச் சொல் 'ஹெ ஷியே'. நல்லிணக்கத்தின் பெயரால் பதிவுகளை அழித்ததால், மக்கள் "என் பதிவை அழித்துவிட்டார்கள்" என்று சொல்வதை விட்டு "என் பதிவு நல்லிணக்கமாக்கப்பட்டுவிட்டது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் கிண்டலும் வடிகட்டியில் சிக்கத் தொடங்கியது. அப்போது கைகொடுத்தது ஆற்று நண்டு. அதன் பெயரும் 'ஹெ ஷியே'தான், கடைசித் தொனி மட்டும் வேறு.

அந்த நண்டுக்கு மூன்று கைக்கடிகாரம் மாட்டிப் படம் போட்டவர்களும் உண்டு. 'மூன்று கடிகாரம் அணிந்த' என்பதைச் சீனத்தில் சொன்னால், முந்தைய அதிபர் ஜியாங் ஜெமினின் 'மூன்று பிரதிநிதித்துவம்' என்ற கொள்கையின் பெயர் காதில் விழும். ஒரே படத்தில் இரண்டு அதிபர்களின் முழக்கத்துக்கும் குட்டு.

ஒரே ஒலியில் இவ்வளவு விளையாட முடியுமா?

சீனத்தில் முடியும். தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் மாண்டரினில் (சீனத்தின் பொதுமொழி) மொத்தம் சுமார் 400 அசைகள்தான். எழுத்துகளோ ஆயிரக்கணக்கில். அதனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அதே ஒலியில் வேறு எழுத்துகள் கிடைத்துவிடும். கணினி எழுத்தைத் தேடுகிறது, மனிதன் மனதுக்குள் ஒலியைக் கேட்கிறான். இந்த இடைவெளியில்தான் மொத்த விளையாட்டும் நடக்கிறது.

சிலேடை நமக்குப் புதிதில்லை. ஒரே வெண்பாவைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தப் பாடிய காளமேகத்தை வைத்திருக்கிறோம். வசைபாடக் காளமேகம் என்ற பெயரும் அவருக்குத்தான். புல்-சேற்றுக் குதிரையைப் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

கெட்ட வார்த்தையில் என்ன பெரிய போராட்டம்? விடலைத்தனம்தானே?

பாதி விடலைத்தனம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் சீனப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுப்பது கட்சிதான் தாய் என்று. தாயைத் திட்டும் சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

சீனக் கலைஞர் ஐ வெய்வெய் இதைத்தான் பிடித்துக்கொண்டார். 2009இல் தன் நிர்வாணப் படம் ஒன்றை வெளியிட்டார். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை, நடுவில் மட்டும் ஓர் அல்பாகா பொம்மையை வைத்து மறைத்திருந்தார். தலைப்பு 'நடுவை மறைக்கும் புல்-சேற்றுக் குதிரை'. அதையே காதால் கேட்டால், கட்சியின் மத்தியக் குழுவைத் தாயோடு சேர்த்துத் திட்டுவது போல இருக்கும்.

நண்டையும் அவர் விடவில்லை. ஷாங்காயில் அவர் புதிதாகக் கட்டிய கலைக்கூடத்தை இடிக்கப்போவதாக 2010இல் உத்தரவு வந்தது. அங்கே வந்து கட்டச் சொல்லி அழைத்ததும் உள்ளூர் அதிகாரிகள்தான். ஐ வெய்வெய் இடிப்பை முன்னிட்டு ஒரு விருந்து அறிவித்தார்: நவம்பர் 7, எல்லோரும் வாருங்கள், ஆற்று நண்டு இலவசம். போலீஸ் அவரை பெய்ஜிங் வீட்டிலேயே அடைத்துவைத்தது. விருந்தாளிகள் சுமார் 800 பேர் வந்தே விட்டார்கள். நல்லிணக்கச் சமூகத்தில் நாங்கள் நண்டு தின்கிறோம் என்று கோஷம் போட்டுக்கொண்டே ஓட்டை உடைத்துத் தின்றார்கள். நண்டு தின்பது எந்தச் சட்டத்தில் குற்றம்? ஒரு போலீஸ்காரர் என்னவென்று வழக்கு எழுதுவார்? 2011 ஜனவரியில் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஐ வெய்வெய்யைக் கைது செய்து 81 நாள் வைத்திருந்தார்கள். பின்னாளில் அவர் பீங்கானில் செய்த நண்டுகள், 3,000க்கும் மேல், உலக அருங்காட்சியகங்களில் குவியல் குவியலாகக் கிடந்தன.

பதிவுகளை அழிப்பது யார்? அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து யாராவது படிக்கிறார்களா?

பெரும்பாலும் அரசு நேரடியாகக் கைவைப்பதில்லை. வெய்போவில் (ட்விட்டர் போன்ற சீனத் தளம்) வந்த பதிவுக்கு வெய்போ நிறுவனம் பொறுப்பு, வீசாட்டில் (வாட்ஸ்அப் போன்ற சீனச் செயலி) வந்ததற்கு அந்த நிறுவனம் பொறுப்பு. உரிமம் போய்விடும் என்ற பயத்தில் அவர்களே சம்பளத்துக்கு ஆள் வைத்து அழிக்கிறார்கள். சட்டம் எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அதனால் நிறுவனங்கள் பத்தடி முன்னாலேயே வேலி போட்டுவிடும்.

சொற்களுக்குப் பட்டியல் இருக்கிறது. படங்களுக்கு, கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்ணை எடுத்து ஒப்பிடும் முறையும் இருக்கிறது. படத்தைக் கொஞ்சம் மாற்றினால் அந்த எண் மாறிவிடும். அதனால்தான் 2022 ஏப்ரலில், ஷாங்காய் ஊரடங்கில் தவித்தவர்களின் குரல்களைக் கோத்த ஒரு வீடியோவை அழிக்க அழிக்க, மக்கள் அதைத் தலைகீழாகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் திருப்பித் திருப்பி ஏற்றினார்கள்.

எதை அழிக்கிறார்கள் என்பதில் ஆச்சரியமான ஒரு விஷயம் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த கேரி கிங் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அரசைத் திட்டும் பதிவுகள் நிறையவே தப்பிவிடுவது தெரியவந்தது. மக்களை ஓரிடத்தில் கூடவைக்கக்கூடிய பதிவுகள்தான், அரசைப் புகழ்ந்தே எழுதியிருந்தாலும், அழிந்தன. நான்கு பேர் முணுமுணுப்பதில் அவர்களுக்குப் பெரிய கவலையில்லை, நான்கு பேர் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதுதான் கவலை. மீமைப் பார்த்து ஏன் பயப்படுகிறார்கள் என்பதும் இதில் தெரியும். அல்பாகா படத்துக்குச் சிரிக்கிற ஒவ்வொருவரும் "எனக்கும் தெரியும்" என்று கை தூக்குகிறார்.

'மே 35' என்றால் என்ன?

ஜூன் 4. 1989இல் தியனன்மென் சதுக்கத்தைச் சுற்றிப் போராட்டக்காரர்களைச் சுட்டுக்கொன்ற நாள். சீன இணையத்தில் அந்தத் தேதியைச் சொல்ல முடியாது. மே 31ஐத் தாண்டியும் எண்ணிக்கொண்டே போனால் ஜூன் 4, மே 35 ஆகிறது. எட்டின் வர்க்கம் என்றும் எழுதினார்கள் (64, அதாவது 6ஆம் மாதம் 4). ஒவ்வொன்றையும் பிறகு தடுத்தார்கள்.

2013 மே மாதம் ஹாங்காங் துறைமுகத்தில் டச்சுக் கலைஞர் ஒருவரின் பிரம்மாண்ட மஞ்சள் ரப்பர் வாத்து மிதந்துகொண்டிருந்தது. தனி ஆளாக டாங்கிகளை மறித்து நின்ற மனிதரின் புகழ்பெற்ற படம் உங்களுக்கு நினைவிருக்கும். டாங்கிகள் நான்கையும் எடுத்துவிட்டு நான்கு ரப்பர் வாத்துகளை வைத்தார் யாரோ ஒருவர். அந்த ஜூன் 4 அன்று வெய்போவில் 'பெரிய மஞ்சள் வாத்து' என்று தேட முடியவில்லை. 'இன்று' என்ற சொல்லையும் தேட முடியவில்லை. இன்று என்ற சொல்லை இன்று தேடாதே என்று சொல்லும் நிலைக்கு ஓர் அரசு வந்துவிட்டால், கேலி செய்பவனுக்கு வேலை பாதி முடிந்தது.

ஆனால் இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்ததை எந்தக் குறும்பனும் செய்யவில்லை. 2012 ஜூன் 4, ஷாங்காய் பங்குச்சந்தைக் குறியீடு அன்று 64.89 புள்ளி சரிந்தது. ஆறு, நான்கு, எண்பத்தொன்பது! அன்று காலை சந்தை தொடங்கிய புள்ளி 2346.98. அது 23ஆவது நினைவுநாள். மீதி எண்களைப் பின்னாலிருந்து படித்தால் மறுபடியும் 89, 6, 4. வெறும் தற்செயல். வெய்போவில் அன்று 'ஷாங்காய் குறியீடு' என்ற தேடலே தடைபட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இது பங்குச்சந்தையையே சோற்றில் மறைத்த கதை.

வின்னி என்ற கரடிப் பொம்மைக்குத் தடை என்பது உண்மையா?

நிரந்தரத் தடை என்பது மிகை. அவ்வப்போது நடக்கிறது. 2013இல் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் ஒபாமாவும் நடந்துவரும் படத்துக்குப் பக்கத்தில் கரடியும் புலியும் நடந்துவரும் படத்தை வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஷி, ஜப்பான் பிரதமர் அபேயின் கையைக் குலுக்கியபோது கரடி கழுதையின் கையைக் குலுக்கியது. 2015 ராணுவ அணிவகுப்பில் ஷி காரின் கூரைக்கு வெளியே தலை நீட்டி நின்றார், பொம்மைக் காரில் கரடி. 2017இல் கரடியின் பெயரும் படமும் வெய்போவில் தடுக்கப்பட்டன.

உண்மையில் அந்த மீம்களில் காரமே இல்லை. தொப்பை போட்ட, தேன் தின்னும், சாதுவான கரடி. விட்டிருந்தால் ஒரு தலைவருக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. தடுத்ததால்தான் உலகம் முழுவதும் அது அரசியல் சின்னமானது.

எழுத்தையே தடுத்துவிட்டால் என்ன செய்வார்கள்?

2020 மார்ச் 10. வூஹான் மத்திய மருத்துவமனையின் அவசரப் பிரிவுத் தலைவர் ஐ ஃபென்னின் பேட்டியை 'ரென்வு' இதழ் வெளியிட்டது. 2019 டிசம்பர் 30 அன்று கையில் கிடைத்த ஆய்வக அறிக்கையில் 'சார்ஸ்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டுச் சக மருத்துவர் ஒருவருக்கு அனுப்பியவர் அவர். அதற்காக மருத்துவமனை நிர்வாகம் அவரைக் கண்டித்தது. பேட்டி சில மணி நேரத்தில் அழிக்கப்பட்டது. ஷி ஜின்பிங் வூஹானுக்கு வந்ததும் அதே நாளில்தான்.

அப்புறம் நடந்தது ஒரு திருவிழா. அழிக்கப்பட்ட பேட்டியை ஒருவர் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை தலைகீழாக எழுதி ஏற்றினார். இன்னொருவர் பாதிச் சொற்களை எமோஜியாக மாற்றினார். மோர்ஸ் குறியீட்டில் ஒன்று, பிரெய்லில் ஒன்று, மூவாயிரம் ஆண்டு பழைய எலும்பு எழுத்தில் ஒன்று, தொலைக்காட்சித் தொடரில் வேற்றுக்கிரகவாசிகள் பேசும் கிளிங்கான் மொழியில் ஒன்று. டி.என்.ஏ. குறியீட்டில்கூட வந்தது. கிளிங்கானில் யார் படிக்கப்போகிறார்கள்? யாரும் படிக்கத் தேவையில்லை. நீ அழி, நான் மறுபடி எழுதுகிறேன் என்று காட்டுவதுதான் நோக்கம்.

2022இல் வெற்றுத் தாளைப் பிடித்தது இதன் தொடர்ச்சியா?

என் பார்வையில் ஆமாம். சொல்லை மாற்றி, எழுத்தை மாற்றி, படத்தைத் திருப்பி, கடைசியில் எதுவுமே எழுதாத ஏ4 தாளுக்கு வந்தார்கள். 2022 நவம்பர் 24 அன்று ஊரடங்கில் இருந்த உரும்சி நகரில் குடியிருப்புத் தீயில் 10 பேர் இறந்தார்கள் என்றது அரசுக் கணக்கு. சில நாள்களில் ஷாங்காய், பெய்ஜிங், பல்கலைக்கழக வளாகங்கள் எங்கும் போராட்டக்காரர்கள் கையில் வெற்றுத் தாள்கள். இந்த உத்தி 2020இல் ஹாங்காங்கிலும் இருந்தது.

பெய்ஜிங்கில் ஓர் இரவு போராட்டத்தில் போலீஸ், 'ஊரடங்கு வேண்டாம்' என்று கோஷம் போடாதீர்கள் என்றது. சரி என்று கூட்டம் கோஷத்தை மாற்றியது: "ஊரடங்கைத் தொடருங்கள்! எனக்கு கோவிட் டெஸ்ட் எடுக்க வேண்டும்!" இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

அந்த வாரம் ஷாங்காயின் ஓர் எழுதுபொருள் நிறுவனம் ஏ4 தாள் விற்பதை நிறுத்திவிட்டதாக ஒரு கடிதம் சுற்றியது. அது போலி, நாங்கள் தாள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறோம் என்று நிறுவனம் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

மாட்டிக்கொண்டால்?

சிரிப்பு அங்கே நின்றுவிடும். 2010இல் ஜப்பானுக்கு எதிராக ஊர்வலம் போனவர்களைக் கிண்டலடித்து வந்த ஒரு ட்வீட்டை, ஒரு பெண் "ஆவேச இளைஞர்களே, பாயுங்கள்" என்று ஒட்டி மறுபதிவு செய்தார். அவருக்குத் திருமணம் நடக்கவிருந்த நாளில் ஆளைக் காணவில்லை. ஓராண்டு உழைப்பு முகாம் தண்டனை கொடுத்திருப்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. 2016இல் ஷியையும் ஹிட்லரையும் கலந்த பெயர் எழுதிய டி-ஷர்ட் அணிந்து படம் போட்ட இளைஞருக்கு ஒன்றரை ஆண்டு சிறை. வெற்றுத் தாள் போராட்டத்துக்காக பெய்ஜிங்கில் கைதான நான்கு இளம்பெண்கள் 2023 ஏப்ரலில்தான் வெளியே வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம், ராணுவ முழக்கம் ஒன்றைத் தன் நாய்களோடு சேர்த்து ஜோக் சொன்னார் ஒரு மேடைக் கலைஞர். அவருடைய நிறுவனத்திடமிருந்து அபராதமும் பறிமுதலுமாக 1.47 கோடி யுவான் போனது.

"ஜோக்தானே சொன்னேன்" என்பது அங்கே எடுபடாது. மீம் கூட்டத்தோடு இருக்கும்வரைதான் பாதுகாப்பு, தனியாகத் தெரிந்தவர் மாட்டுவார்.

இதனால் எதாவது மாறியிருக்கிறதா?

இரண்டு இடங்களில் காட்டலாம். 2009இல் புதிய கணினி ஒவ்வொன்றிலும் 'பச்சை அணை' என்ற வடிகட்டி மென்பொருள் இருந்தாக வேண்டும், ஜூலை 1 முதல் அமல் என்றார்கள். தோல் நிறத்தை வைத்து ஆபாசத்தைக் கண்டுபிடிக்கும் அந்த மென்பொருள், ஆரஞ்சு நிறக் கார்ட்டூன் பூனை கார்ஃபீல்டையும் தடுத்தது. இணையவாசிகள் 'பச்சை அணைப் பெண்' என்று ஒரு கார்ட்டூன் கதாபாத்திரத்தை வரைந்து, அவள் தொப்பியில் ஒரு நண்டையும் வைத்தார்கள். ஜூன் 30 அன்று அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. மென்பொருளில் பெரிய பாதுகாப்பு ஓட்டைகள் இருந்தன, கணினி நிறுவனங்களும் வெளிநாடுகளும் எதிர்த்தன. கேலி மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய். இரண்டாவது, வெற்றுத் தாளுக்குப் பிறகு 2022 டிசம்பர் 7 அன்று பெரும்பாலான கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதற்கும் பல காரணங்கள்.

மறுபக்கம், அரசு கற்றுக்கொண்டுவிட்டது. அழிப்பதை விட மூழ்கடிப்பது சுலபம். அரசுக்கு ஆதரவாகக் கூலிக்கு எழுதுபவர்களை 'ஐந்து மாவ் கட்சி' என்பார்கள், பதிவுக்கு அரை யுவான் என்ற கிண்டல். கேரி கிங் குழுவின் 2017 மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு சுமார் 44.8 கோடி இப்படிப்பட்ட பதிவுகள். அவை யாரோடும் சண்டை போடுவதில்லை, சும்மா வேறு பேச்சுக்கு இழுத்துப்போகின்றன. சிலேடை மீதும் கைவைத்தார்கள்: 2014இல் தொலைக்காட்சியிலும் விளம்பரத்திலும் சொல்விளையாட்டுக்குத் தடை, 2022 ஜூலையில் ஒத்த ஒலி எழுத்துகளுக்கு எதிராக வெய்போ அறிவிப்பு, 2024இல் இணைய மொழியைச் 'சீராக்க' இன்னொரு நடவடிக்கை.

இந்தியாவில் இப்படி நடந்ததுண்டா?

நெருக்கடி நிலையில் ஒன்று. 1975 ஜூன் 28, பம்பாய் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் மரண அறிவித்தல் பகுதி. டி.இ.எம். ஓ'கிரசி என்பவர் ஜூன் 26 அன்று காலமானார். மனைவி டி. ரூத், மகன் எல்.ஐ. பெர்ட்டி. சேர்த்துப் படித்தால் டெமாக்ரசி, ட்ரூத், லிபர்ட்டி. தணிக்கை அதிகாரிகள் இரங்கல் பத்தியைப் படிப்பார்கள் என்று யார் நினைத்தது? ஒரு பத்திரிகையாளர் காசு கட்டிப் போட்ட விளம்பரம் அது. புல்-சேற்றுக் குதிரைக்கு 34 வயது மூத்த அண்ணன்.

சீனாவில் படிக்கும் பிள்ளைக்கு இந்த மீம்களை வீசாட்டில் அனுப்பலாமா?

வேண்டாம். உங்கள் கணக்கு இந்திய எண்ணில்தானே என்று நினைக்காதீர்கள். டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகம் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, சீனாவுக்கு வெளியே உள்ள கணக்குகள் தங்களுக்குள் அனுப்பும் படங்களையும் வீசாட் அலசி, சீனக் கணக்குகளுக்கான தடைப்பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. கரடி, டாங்கி, வாத்து, மே 35 எதுவும் வேண்டாம்.

வெறும் அல்பாகா என்றால் அனுப்புங்கள். யாராவது கேட்டால் உயிரியல் பூங்காவுக்குப் போயிருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.